மறையூர்ப் பாறையில் எழுதியவர் யார்?

பாலக்காட்டில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர்கள் "நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்கள் எல்லோருக்கும் பழகிய கேள்விதான் இது. இதற்கு ஒரு நல்ல பதில் தேடித்தான் நான் மறையூருக்குப் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதிக் காட்டைக் கடந்து, சின்னாறு சோதனைச் சாவடி வழியாக மலையேறினால் மறையூர். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்த 'அஞ்சுநாடு' என்ற பள்ளத்தாக்கில் இன்றும் தமிழ் வீட்டுமொழியாக இருக்கிறது. அங்கே ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளில் ஒன்று. அது அமராவதியில் போய்ச் சேருகிறது. ஊர் கேரளத்தில், தண்ணீர் தமிழ்நாட்டுக்கு!

இந்த ஊரை எனக்கு முதலில் சொன்னவர் என் பாட்டி. அவருடைய அண்ணன் வெல்லம் வாங்க மறையூருக்குப் போய் வருவாராம். "கண்ணு, அங்க பாறை மேல கல்லுவூடு இருக்குது. பஞ்ச பாண்டவரு மறைஞ்சிருந்த வூடு. அதனாலதான் மறையூருன்னு பேரு" என்பார். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு வந்த வேகத்தில், "பாட்டி, அது பாண்டவர் வீடு இல்ல, பழைய காலத்துச் சவக்குழி. நீங்க சொல்றதெல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டேன். பாட்டி கோபிக்கவில்லை. "பொய்யோ மெய்யோ, அதுக்குப் பயந்துதான் ஒருத்தனும் அந்தக் கல்லப் பேக்கல" என்றார். அவ்வளவுதான்.

நான் சொன்னதில் தவறில்லை. கோவில்கடவு பக்கத்துப் பாறைகளில் நிற்பவை இரும்புக் காலத்துக் கற்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்த ஈமச் சின்னங்கள். மலையாளத்தில் 'முனியறை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே வகைச் சின்னங்களைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்லும் ஊர்கள் உண்டு.

கற்திட்டைகளைவிட என்னை ஈர்த்தவை ஓவியங்கள். மறையூரைச் சுற்றிய காட்டில், பாறை ஒதுக்குகளின் சுவரில், செங்காவி நிறத்தில் மான்களும் மனித உருவங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. அட்டள என்ற இடமும், சந்தனக் காட்டுக்குள் இருக்கும் எழுத்தள என்ற இடமும் முக்கியமானவை. வயநாட்டு எடக்கல் நமக்குத் தெரிந்த பெயர். 1890இல் ஃபாசெட் என்ற காவல்துறை அதிகாரி வெளியுலகுக்குக் காட்டியது. ஆனால் எடக்கலில் இருப்பவை கல்லில் கீறியவை. மறையூரில் இருப்பவை வண்ணத்தால் தீட்டியவை. கேரளத்தில் இவ்வகை ஓவியம் அரிது.

'எழுத்தள' என்ற பெயரைக் கவனியுங்கள். அள என்றால் மலையாளத்தில் குகை, பொந்து. நம் சங்க இலக்கியத்தில் நண்டு ஒளியும் 'அளை' இதே சொல்தான். எழுத்து என்பதும் அப்படியே. பழந்தமிழில் ஓவியத்தை 'எழுதினார்கள்'. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைப் பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு ஆகிய ஐந்து பொடிகளால் வரைவதை இன்றும் 'களமெழுத்து' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் களம் சடங்கு முடிந்ததும் அழிக்கப்படும். பாறையில் எழுதியதோ நின்றுவிட்டது.

சரி, எழுதியவர் தமிழரா? அந்த ஆசையோடுதான் பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை. மானுக்கு மொழி கிடையாது. எடக்கலில் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. இந்த மான்களையும் மனிதர்களையும் வைத்து அப்படி எதையும் நிறுவ முடியாது. செங்காவி மண்ணிலிருந்து எடுத்த தாதுப்பொருள் என்பதால், கரியின் வயதைக் கணிப்பதுபோல் அதன் வயதைக் கணிக்கவும் முடிவதில்லை. இந்த மலை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது, தமிழர் கேட்டும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. ஓவியம் எழுதியவருக்கு இந்த எல்லைகளில் ஒன்றும் தெரியாது. அவரை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பாட்டியின் கதை எனக்கு வேறு மாதிரி விளங்கியது. மத்தியப் பிரதேசத்தில் 1957இல் வாகங்கர் என்ற ஆய்வாளர் கண்டறிந்த பீம்பேட்கா ஓவியக் குகைகள், 2003இல் உலக மரபுச் சின்னமாயின. அந்தப் பெயரும் பீமன் உட்கார்ந்த இடம் என்ற நம்பிக்கையில் வந்ததுதான். யார் செய்தது என்று தெரியாத பெரிய வேலையைக் கண்டால், நம் மக்கள் பாண்டவர் கணக்கில் எழுதி வைத்தார்கள். அது வரலாறு ஆகாது. ஆனால் 'இது சாதாரணக் கல் இல்லை, கை வைக்காதே' என்ற சேதி அதில் இருந்தது. காவலாளி இல்லாத காலத்தில் அந்தச் சேதிதான் காவல்.

நான் போனபோது சில திட்டைகளில் மூடுகல் இல்லை; பலகைகள் சாய்ந்து கிடந்தன. ஒரு கல்லில் யாரோ தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறியிருந்தார்கள். என்னைப்போல் 'கதை பொய்' என்று கற்றுக்கொண்டு, கதை காத்த பொருளின் மதிப்பைக் கற்காமல் விட்ட தலைமுறையின் கையெழுத்து அது. உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர், "முன்னே இந்தப் பக்கம் செருப்புப் போட்டே வரமாட்டோமுங்க" என்றார். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

மலரைப் படிக்கும் அன்பர்கள் விடுமுறையில் மூணாறு போனால், நாற்பது கிலோமீட்டர் தள்ளி மறையூருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காட்டுக்குள் இருக்கும் ஓவியங்களைப் பார்க்க வனத்துறையின் அனுமதி வேண்டும். படம் தெளிவாக விழட்டும் என்று ஓவியத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு முதலில் பாண்டவர் கதையைச் சொல்லுங்கள், பிறகு இரும்புக் காலத்தைச் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்த பிள்ளை கல்லில் பெயர் கீறாது.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்ற கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. கேட்கிறவரையும் ஒருநாள் மறையூருக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன்.