பதிவாளரின் மனச்சான்று: ஒருபால் திருமணச் சட்டங்களும் சமயச் சுதந்திரமும்

முன்னுரை

ஒருபால் திருமணம் சட்டமாக்கப்பட்ட நாடுகளில் சமயச் சுதந்திரத்தின் நிலை யாது என்னும் வினா, பெரும்பாலும் சமயகுருவை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. ஆயினும், வழிபாட்டிடத்தைக் காட்டிலும் பதிவு அலுவலகத்திலேயே இவ்வினா கூர்மை பெற்றதை வரலாற்றில் காண்கிறோம். அரசின் பெயரால் கடமையாற்றும் அலுவலர், தம் சமய நம்பிக்கையைக் காட்டி அக்கடமையை மறுக்கலாமா? மூன்று நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இதனை ஆராய முற்படுவோம்.

நெதர்லாந்து

ஒருபால் திருமணத்தை உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து. அச்சட்டம் 2001 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அங்குச் சட்டப்படியான திருமணத்தை நகராட்சிப் பதிவாளரே நடத்திவைப்பார். சமயச் சடங்கு அதன் பின்னரே நிகழும். ஆகவே, திருச்சபைகளின் உரிமைக்கு ஊறு நேரவில்லை. பதிவாளர் மறுத்தவிடத்து, வேறொருவரை அமர்த்தி நகராட்சிகள் நிலைமையைச் சமாளித்தன. எனினும், மறுப்புடையோரைப் புதிதாகப் பதிவாளராக நியமிப்பதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது.

தென்னாப்பிரிக்கா

தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2005 டிசம்பரில் தீர்ப்பளித்து, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்திற்கு ஓராண்டு அவகாசம் அளித்தது. அதன்படி 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மனச்சான்றின் அடிப்படையில் எழுத்து மூலம் விலக்குப் பெற அரசு அலுவலர்க்கு இடமளித்தது. காலப்போக்கில் 1,130 அலுவலருள் 421 பேர் அவ்விலக்கைப் பெற்றிருந்தனர். இதனால், அலுவலகம் சென்ற இணையர் திருமணம் நடத்துவார் இன்றித் திரும்ப நேர்ந்தது. தனியொருவர்க்கு அளித்த சலுகை ஓர் அலுவலகத்தின் மறுப்பாகவே மாறியது எனலாம். 2020-இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. சமயகுருமார்க்குரிய பாதுகாப்போ தொடர்ந்தது.

அமெரிக்கா

2015 ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்னும் பெரும்பான்மையில் ஒருபால் திருமண உரிமையை ஏற்றது. கென்டக்கி மாநிலத்தின் ரோவன் மாவட்டப் பதிவு அலுவலர் கிம் டேவிஸ், தம் பெயர் பொறித்த திருமண உரிமப் பத்திரம் வழங்குவது தம் கிறித்துவ நம்பிக்கைக்கு முரணானது என மறுத்தார். நீதிமன்ற ஆணையை மீறியமைக்காக அவ்வாண்டு செப்டம்பரில் ஐந்து நாள் சிறையிருந்தார். 2016-இல் மாநிலச் சட்டமன்றம் பத்திரத்திலிருந்து அலுவலரின் பெயரை நீக்கியது. பெயர் மறைந்தது, பணி தொடர்ந்தது.

முடிவுரை

இம்மூன்று நிகழ்வுகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. மனச்சான்றுக்கு அளிக்கும் விலக்கின் சுமையை நிறுவனம் ஏற்றுக்கொண்டவரை அவ்விலக்கு நிலைத்தது. அச்சுமை வந்து நின்ற குடிமகன்மீது விழுந்தபோது நிலைக்கவில்லை. அலுவலரின் நம்பிக்கையை எள்ளுதல் நம் நோக்கமன்று. நம்பிக்கைக்காகச் சிறை சென்றவரை வரலாறு பலவிடத்தும் மதித்துள்ளது. ஆயினும், தம் உரிமையைப் பெறவந்து வெறுங்கையுடன் திரும்பிய இணையரையும் அதே வரலாறு பதிவு செய்தல் வேண்டும். இருசாராரையும் ஒருங்கே காணும் சட்டமே சமயச் சுதந்திரத்தைக் காக்கும் என்பது நம் துணிபு.