பங்குனி ஆமையும் காக்கா ஆழியும்

மக்களே, இன்னிக்கு நம்ம வடசென்னைக் கடலோட ரெண்டு ஜீவராசிகளைப் பத்திப் பார்ப்போம். ஒண்ணு சட்டத்தோட செல்லப்பிள்ளை. இன்னொண்ணு அழையா விருந்தாளி.

முதல்ல பங்குனி ஆமை. முதுகெலும்புள்ள ஊர்வன இனம். 1829-ல எஸ்ஷோல்ட்ஸ் பேர் வச்சார். இன்னிக்கு அறிவியல் பேர் லெபிடோகெலிஸ் ஒலிவேசியா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலிக்குக் கிடைக்கிற அதே அந்தஸ்து!

அடுத்தது காக்கா ஆழி. மெல்லுடலி, ரெட்டை ஓட்டுக்காரர். மலையாளிகள் ரசிச்சுச் சாப்பிடற கல்லும்மக்காய்க்கு ஒண்ணுவிட்ட சொந்தம். சொந்த ஊரு தென் அமெரிக்கா. இதுக்குப் பேர்லயே ஒரு பஞ்சாயத்து. மைடெல்லா சர்ருவானான்னுதான் ரொம்ப காலம் சொன்னாங்க. அது 1846-ல வச்ச பேர். ஆனா 1843-லயே ஹான்லி 'ஸ்ட்ரிகேட்டா'ன்னு வச்சுட்டார். மூத்த பேருக்குத்தான் முதல் மரியாதைங்கிறது வகைப்பாட்டு விதி. அதனால 2018-ல மைடெல்லா ஸ்ட்ரிகேட்டான்னு திருத்தினாங்க.

இது எப்படி இங்க வந்துச்சு? கப்பல்தான். சரக்கு இல்லாத கப்பல் ஆடாம இருக்க அடித்தொட்டியில கடல்தண்ணி ரொப்புவாங்க. போற துறைமுகத்துல அதைக் கொட்டும்போது குஞ்சுகளும் சேர்ந்து இறங்கிடும். எண்ணூர்ல 2001-லேர்ந்து பெரிய துறைமுகம் இருக்கு, பக்கத்துலயே காட்டுப்பள்ளி. இந்தத் தண்ணியைச் சுத்திகரிக்கச் சொல்ற உலக ஒப்பந்தம் 2004-ல எழுதி, அமலுக்கு வந்தது 2017-ல!

இப்ப எண்ணூர் கழிமுகத்துல இது சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி மூடுது. இறால் சேத்துக்குள்ள புதைஞ்சு வாழற பிராணி, அது எங்க போகும்? வாயில பறியைக் கவ்விக்கிட்டு, கையால தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு ஓடு குத்தின காயம்தான் மிச்சம்.

சரி, அட்டவணையில இருக்கிற ஆமையாவது தப்பிச்சுதா? 2025 ஜனவரியில சென்னைக் கரையோரம் நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சு. ஆமைக்கு மூச்சு விட மேல வந்தாகணும். இழுவலையில மாட்டினா மூழ்கிச் சாகும்.

ஆக, பட்டியல்ல பேர் இருக்கிறது மட்டும் ஆமையைக் காப்பாத்தலை. சேத்து இறாலுக்கோ பட்டியலே கிடையாது. ஆனா நிறைய வீட்டுல அடுப்பு எரியறது அதை நம்பித்தான். இனத்துக்கு ஒரு அட்டவணை போட்டது சரி, அது வாழற சேத்துக்கும் ஒண்ணு போட வேணாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?