சேதுச்சீமையின் கலுங்குகள்

பாம்பன் மணலில் கண்மாய் நிற்காது. ஊருணியும் கிணறுமே கதி. பாலம் தாண்டி மேற்கே போனால்தான் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமையில் பாசன வரலாறு கண்மாய் கண்மாயாக விரியும். அங்கே வயலுக்கு நீர் விடும் மடையைவிட, மிகுதி நீரை வெளியேற்றும் கலுங்கே முக்கியம் என்பேன். மேல் கண்மாயின் மிகுதி நீர் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு வரத்தாகும். ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசனம். கலுங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கு இடையே, மழை ஓயும் தறுவாயில் மண் அணைத்து நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். வெள்ளம் மிரட்டினால் அந்த மண்ணை வெட்டிவிடுவார்கள். எவ்வளவு உயர்த்தலாம் என்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் தகராறு வரும்.

இத்தனை இருந்தும் பஞ்சம் வந்ததே என்பார்கள். வந்தது. வைகையும் மழையும் பொய்த்தால் கண்மாய்த் தொடர் முழுவதும் காயும். அதனால்தான் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேற்கே ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப யோசித்தார். 1895இல் பெரியாறு அணை வந்தபோது பலன் பெரும்பாலும் மதுரைப் பக்கத்தோடு நின்றது. சேதுச்சீமைக்குக் கண்மாயை விட்டால் வேறு வழியில்லை. ஊரார் வழக்கமாகச் செய்துவந்த மராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியும் பராமரிப்பு நலிந்தது. இன்றும் தூர் வாருவதென்றால் கண்மாயின் வயிற்றைத்தான் தோண்டுகிறோம். கலுங்கிலிருந்து இறங்கும் வாய்க்காலை அளந்து ஆக்கிரமிப்பை எடுப்பது அபூர்வம்.