டிரைவிங் டெஸ்ட்டும் நம்ம படபடப்பும்: ஒரு குட்டி வரலாறு

தாராவியிலிருந்து டாக்ஸிக் கடன் கேட்டு எங்கள் வங்கிக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது லைசென்ஸ். "அடுத்த வாரம்தான் டெஸ்ட் சார், நினைச்சாலே கை நடுங்குது" என்பவர்கள் நிறைய. அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த டெஸ்ட் எப்படி வந்தது தெரியுமா? பாரிஸ் போலீஸ் 1893-லேயே வண்டி ஓட்டத் தகுதிச் சான்றிதழ் கேட்டது. பிரிட்டனில் அது கிடையாது. காசு கட்டினால் லைசென்ஸ். விளைவு, 1934-ல் 7,343 பேர் சாலையில் செத்துப் போனார்கள். அப்போது அங்கே ஓடிய வண்டிகளே சுமார் 24 லட்சம்தான்! 1935 ஜூன் 1 முதல் டெஸ்ட் கட்டாயமானது. அந்த வருடம் தேறியவர்கள் 63 சதவீதம். அதாவது, துரைமார்களிலேயே நூற்றுக்கு 37 பேர் கோட்டை விட்டார்கள். நடுக்கம் நமக்கு மட்டுமில்லை.

இந்தியாவில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. டெஸ்ட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1939 சட்டம் ஒரு அட்டவணையே போட்டது. இப்போது நடப்பது 1988 சட்டமும் 1989 விதிகளும். அதில் 15-வது விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், கேள்வித்தாளே கையில் கிடைத்த மாதிரி. சிக்னல் கொடுக்கும் முன் கண்ணாடி பார்க்கிறாரா, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எடுக்கிறாரா, ரிவர்ஸில் ஒழுங்காக வருகிறாரா... எல்லாமே அடுத்தவன் உயிர் சம்பந்தப்பட்டவை.

தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அது எரிச்சல். வண்டியை நம்பி ஊரிலிருந்து வந்தவனுக்கு இரண்டு மாத வாடகை, சாப்பாடு.

மும்பையில் நம்மாட்களுக்கு இன்னொரு சிக்கல், பாஷை. இந்தியில் 'தாயே' என்றால் வலது, 'பாயே' என்றால் இடது. மராட்டியில் 'டாவீகடே' என்றால் இடது, 'உஜவீகடே' என்றால் வலது. தாயே, டாவீ... பதற்றத்தில் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், திசையோ நேர் எதிர்! வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்தவனும் இதில் மாட்டிக்கொள்வான்.

லேர்னர்ஸ் லைசென்ஸ் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அந்த 30 நாளும் பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து, இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி ஓட்டுங்கள். (அந்த நண்பருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், வண்டியில் 'எல்' போர்டும் வேண்டும்.) டெஸ்ட் அன்று கண்ணாடி, சிக்னல், அப்புறம் ஸ்டியரிங் என்று தமிழிலேயே மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆபீசர் சொன்னது புரியவில்லையா? "ஃபிர் ஸே போலியே, ஸாப்" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்டுத் திரும்புவது, தப்பாகத் திரும்புவதைவிட எவ்வளவோ மேல்.