வலங்கைமான் பாடைக்காவடியும் வேடத்தின் எல்லையும்

மேசையைச் சுற்றியமர்ந்து கதைமாந்தராகவே பேசி ஆடும் விளையாட்டு, 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரால் வெளிவந்தது. எப்பொருளைத் தொடலாகாது, எவ்விடத்தே நிறுத்தல் வேண்டும் என அதனை ஆடுவோர் பலர் இன்று முன்கூட்டியே பேசி வரையறுக்கின்றனர். இவ்வரையறையின் தேவை பழையதென்பதைத் தமிழக வழக்குகள் கொண்டு காட்டுவோம்.

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில், கொடுநோயினின்று பிழைத்தோர் நேர்ந்துகொண்டபடி பச்சை மூங்கிற் பாடையில் பிணம்போற் கிடப்பர். நால்வர் சுமப்பர்; தீச்சட்டி முன்செல்லும்; பறை முழங்கும். காண்பார்க்கு மெய்யான சாவு ஊர்வலமே. எனினும் பாடை செல்வது சுடுகாட்டிற்கன்று, கோயிலுக்கு. ஆங்கு வலம்வந்து பூசனை முடியக் கிடந்தவர் எழுவர். எழும் இடம் முன்னரே உறுதிப்பட்டமையாலன்றோ பெற்ற தாயும் உடன்வர இயலுகின்றது!

தஞ்சை மாவட்டத்து மெலட்டூர்ப் பாகவத மேளாவில் எல்லை வேறு வகையாற் காக்கப்படுகின்றது. வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தில் நரசிம்ம முகமூடியை நோன்பிருந்தே அணிவர். ஆவேசம் மிகுங்கால், இரணியன் வேடத்தார்மேற் பாயாவண்ணம் சூழநிற்போர் பற்றிக்கொள்வர். தம்மை மறந்தவரிடம் அடக்கத்தை எதிர்பாராது, அப்பொறுப்பைப் பிறர் ஏற்றமையே ஈண்டுச் சிறப்பு. வடதமிழகத் தெருக்கூத்தில் துச்சாதனன் வேடத்தார், துகிலுரியுமுன் கற்பூரம் ஏற்றிப் பொறுத்தருள வேண்டும் வழக்கமும் இவ்வினத்ததே.

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாதெனத் தொல்காப்பியர் வகுத்ததை நாம் செய்யுள் மரபாகவே படித்து வருகின்றோம். தலைவியின் கூற்றைத் தம் கூற்றாக ஏற்றுப் பாடும் புலவரால், மெய்யாக வாழ்ந்த ஒருத்தியின் பெயர் ஊரார் வாயிற் படாமற் காக்கும் வேலியாகவும் அவ்விதியைக் காண்டல் தகும்.