பதினொருவரையும் மறவாத கழகம்

ஒரு மன்றத்தின் ஆண்டு மலரிலே அதன் சிறந்த அங்கத்தவர்களைப் பாராட்டி எழுதுதல் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கமாகும். படம் ஒன்று, அதன் கீழே பெயர், வென்ற கிண்ணத்தின் விபரம் ஆகிய இவ்வளவோடு நம் கடமை முடிந்துவிட்டதென நாம் அமைதியடைந்து விடுகிறோம். யாரைப் பாராட்டுவது, எதற்காகப் பாராட்டுவது, எப்பொழுது பாராட்டுவது என்னும் மூன்று வினாக்களை நாம் அத்துணை ஆழமாகச் சிந்திப்பதில்லை. வாலிபர்கள் கூடி அமைத்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றிலே இவற்றுக்குரிய விடைகளைக் காண்கிறோம். அதுதான் கல்கத்தாவில் எழுந்த மோகன் பகான் கழகம்.

1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதி, வட கல்கத்தாவில் மோகன் பகான் என வழங்கிய தோட்ட மாளிகையிலே இக்கழகம் தோன்றியது. அவ்வட்டாரத்து இளைஞருக்கு ஆடுவதற்கு ஓர் இடமும் அணிதிரள்வதற்கு ஒரு பெயரும் வேண்டியிருந்தன. பெரியோர் சிலர் முன்வந்து ஆதரவு நல்கினர். முதல் தலைவராக அமர்ந்தவர் வழக்கறிஞர் பூபேந்திரநாத் பாசு. பின்னாளில், 1914இல் சென்னையிற் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் இப்பெரியாரே. இளைஞரின் ஊக்கமும் முதியோரின் அரவணைப்பும் ஒன்று சேர்ந்தமையே அக்கழகத்தின் அத்திவாரமெனலாம்.

கழகத்தின் பெயரை உலகறியச் செய்தது 1911ஆம் ஆண்டு. அவ்வாண்டு கல்கத்தாவில் நடைபெற்ற ஐ. எவ். ஏ. கேடயப் போட்டியிலே, எதிர்த்த அணிகளை ஒவ்வொன்றாக வென்று மோகன் பகான் இறுதியாட்டத்தை அடைந்தது. யூலை 29ஆந் திகதி எதிர்த்து நின்றது கிழக்கு யோர்க்‌ஷயர் படையணி. எதிரணியினர் சப்பாத்து அணிந்தவர்கள். நம்மவருள் ஒருவர் தவிர ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். அயல் மாகாணங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். கூட்டத்தின் பின்னே நின்று ஆட்டத்தைக் காணமுடியாதவர்களுக்குப் பட்டமேற்றிக் கோல் கணக்கை அறிவித்தார்களாம். பட்டமேற்றுவதிற் கைதேர்ந்த நம் வாலிபருக்கு இச்செய்தி உவகையளிக்கும்.

முதற் கோலைப் படையணியே அடித்தது. அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அடித்த பந்து கணக்கைச் சமன் செய்தது. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், இந்தியக் கழகமொன்று முதன்முறையாகக் கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு கற்பிப்போர் உளர். நாம் அவ்வளவு தூரஞ் செல்லத் துணியோம். ஆளுவோரையும் ஆடுகளத்தில் வெல்லலாம் என்ற நம்பிக்கை ஒரு சமுதாயத்தில் வேரூன்றிய நாள் அது என்பதே போதும்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். யாரைப் பாராட்டுவது? கோல் அடித்தவர் இருவரே. ஆயினும் வங்க மக்கள் அவ்விருவரை மட்டும் தலையில் வைத்து ஆடவில்லை. பந்துக்காப்பாளர் ஹீராலால் முகர்ஜி, பின்வரிசையிலே பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி, நடுவரிசையிலே மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா, முன்வரிசையிலே கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி எனப் பதினொருவரையும் 'மரணமில்லாப் பதினொருவர்' என்றே இன்றும் போற்றி வருகின்றனர். இவருட் சப்பாத்தணிந்து ஆடிய சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர். மதம் வேறாயினும் வெற்றி ஒன்றாகவே இருந்தது. கோலடித்தவனுக்குக் கிண்ணமும், கோலைத் தடுத்தவனுக்குக் கைதட்டலும் வழங்கும் நாம் இதனைக் கவனித்தல் வேண்டும்.

அவர்களுக்குப் பின் வந்தவர் கோஷ்த பால். பின்வரிசையில் வெறுங்காலோடு நின்று சப்பாத்துக் கால்களைத் தடுத்த இவ்வீரரைச் 'சீனப் பெருஞ்சுவர்' என அழைத்தனர். 1933இல் இந்திய அணியொன்றுக்குத் தலைமை தாங்கி இவர் நமது இலங்கைக்கும் வந்து ஆடினார். 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உதைபந்தாட்ட வீரரொருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதற்றடவை. கோலடித்துப் பெயர் பெற்றவரல்லர் இவர். தடுத்து நின்றே புகழ் பெற்றவர்.

இரண்டாவது வினா, எதற்காகப் பாராட்டுவது என்பது. இதற்கு விடையாக மூவர் வாழ்க்கையை எடுத்துக் கொள்வோம்.

சைலேன் மன்னா 1942இல் கழகத்திற் சேர்ந்து ஏறக்குறைய 19 ஆண்டுகள் அங்கேயே ஆடியவர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இந்தியா பிரான்சை எதிர்த்தபோது இரண்டு தண்ட உதைகள் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. ஆட்டம் 1-2 என்ற கணக்கில் தோல்வியில் முடிந்தது. அத்தோடு அவரை ஒதுக்கிவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கப் பதக்கம் வென்றவரும் அதே மன்னாதான். தவறிய ஒரு பந்துக்காக வாலிபனைத் தூற்றும் மைதானங்கள் இக்கதையை நினைவிற் கொள்ளட்டும்.

அந்த ஒலிம்பிக் அணிக்குத் தலைவராக இருந்தவர் தாலிமெரென் ஆவோ. நாகா மலைநாட்டிலே பிறந்தவர். மகன் வைத்தியனாகித் தன் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டுமென்பது இளமையிலேயே அவர் இழந்த தந்தையின் விருப்பம். வைத்தியக் கல்வி கற்கக் கல்கத்தா வந்த அவர், படிப்போடு மோகன் பகான் அணியிலும் ஆடினார். புகழின் உச்சியை அடைந்தும் புத்தகத்தைக் கைவிடவில்லை. பட்டம் பெற்று ஊர் திரும்பி, நாகாலாந்தின் சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்துத் தந்தையின் வாக்கைக் காத்தார். 'விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும்' என்று அஞ்சும் பெற்றோருக்கு இவர் வாழ்க்கையே மறுமொழி.

மூன்றாமவர் சுனி கோஸ்வாமி. 1946இல், எட்டு வயதுச் சிறுவனாகக் கழகத்தின் இளையோர் அணியிற் சேர்ந்தவர். 1968 வரை வேறெந்தக் கழகத்துக்கும் மாறவில்லை. 1962இல் ஜகார்த்தாவிலே தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று ஆசிய விளையாட்டு விழாவின் தங்கப் பதக்கம் பெற்ற இந்திய அணிக்கு இவரே தலைவர். சிறுவரிடத்துக் கழகம் செலுத்திய சிரத்தை பதினாறு ஆண்டுகளின் பின் ஒரு தேசத்துக்கே பயனளித்தது.

எனவே பொறுமைக்காகவும், கடமைக்காகவும், பற்றுறுதிக்காகவும் பாராட்டுதல் வேண்டும். கோல்களின் எண்ணிக்கை இவற்றுக்கு அடுத்தபடியே.

எப்பொழுது பாராட்டுவது என்பது மூன்றாவது வினா. இதில் அக்கழகத்தின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. யூலை 29ஆந் திகதியை மோகன் பகான் தினமாகக் கொண்டாடி, 'மோகன் பகான் ரத்னா' என்னும் விருதை ஆண்டுதோறும் வழங்கும் வழக்கம் 2001இல் தொடங்கியது. முதல் விருது மன்னாவுக்கு. அவர் அதனைத் தம் கையாற் பெற்று, பின்னும் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். கோஸ்வாமியும் தம் வாழ்நாளிலேயே அதனைப் பெற்றார். ஆனால் ஆவோ மறைந்தது 1998இல். விருது வந்தது 2002இல். கோஷ்த பால் மறைந்தது 1976இல்; அவர் பெயர் விருதுக்கு அறிவிக்கப்பட்டது 2004இல். கேடயம் வென்ற பதினொருவரில் ஒருவரேனும் இந்நாளைக் காண உயிரோடிருக்கவில்லை. மாலை படத்துக்குத்தான் விழுந்தது.

செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவ்வழி வந்த நாம் காலந்தாழ்த்துதல் தகாது. நம் ஊர் மைதானங்களில் ஆடிய முதியோர் பலர் இன்றும் நம் மத்தியில் இருக்கிறார்கள். தோட்டத்து வேலை முடித்து மாலையில் வந்து கோடு கீறியவர், தம் சைக்கிளிற் பந்தைக் கட்டிக்கொண்டு ஊரூராகச் சென்றவர், ஆண்டு முழுவதும் ஓரத்தில் அமர்ந்து மேலதிக ஆட்டக்காரராகக் காத்திருந்தவர் - இவர்களும் நம் கழகங்களின் தூண்களே. இளைஞர்காள், இவர்களிடஞ் சென்று கேட்டு எழுதி வையுங்கள். அணியின் பதினொரு பெயர்களையும் பிழையின்றி எழுதுங்கள். பெரியோர்களே, தண்ட உதையைத் தவறவிட்ட சிறுவனின் தோளிற் கை வையுங்கள். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் நாம் செய்யத்தக்க பணி இதுவே. செய்வோமாக.