சிறு கருவிகளும் மக்கள் தீர்ப்பும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் மக்கள் நாள்தோறும் கையில் எடுத்துப் புழங்கிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றைப் பற்றி அவர்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் சொல்லிய கருத்துகளுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய இரண்டு கருவிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒன்று விளையாட்டுக் கருவி. மற்றொன்று சிறிய மடிக்கணினி. இரண்டையும் குறைத்து மதிப்பிட்டவர்கள் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. அங்கே பொறியாளராக விளங்கிய குன்பே யோகோய் என்பாரின் குழுவினர் உருவாக்கிய ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி 1989ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் வண்ணம் இல்லை. பச்சை படர்ந்த நான்கு சாயல்களே தெரியும். திரைக்குள் விளக்கும் இல்லை. நன்கு பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை.

அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் ‘கேம் கியர்’ என்னும் கருவியைக் கொணர்ந்தது. வண்ணத் திரை, உள்ளே ஒளி, கண்ணைக் கவரும் காட்சி! கேம் பாயின் வண்ணமின்மையைச் சேகா தன் விளம்பரங்களிலேயே எள்ளி நகையாடியது. இரண்டையும் கடையில் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எதனைப் புகழ்வர்? ஐயமின்றி வண்ணத்தையே புகழ்வர். ஆனால் கடையில் தோன்றும் கருத்து ஒன்று. வீட்டில் புழங்கிய பின் பிறக்கும் கருத்து வேறொன்று. கேம் கியர் ஆறு மின்கலங்களை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கு மேலும் உழைக்கும். அமெரிக்காவில் முன்னதன் விலை ஏறத்தாழ 150 டாலர். பின்னதன் விலை ஏறத்தாழ 90 டாலர். மேலும், மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டு உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டு அமெரிக்காவில் கேம் பாயுடன் சேர்த்தே விற்கப்பட்டது. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குவதற்கு வண்ணம் எதற்கு? முடிவில் கேம் கியர் ஏறத்தாழ 1 கோடி விற்றது. கேம் பாயும், பின்னர் வந்த அதன் வண்ணத் திரை வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்திற்கு மேல் விற்றன.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து இதே வழக்கு கணினி உலகில் எழுந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி என்னும் எண்ணத்தை 2005ஆம் ஆண்டு நிக்கொலஸ் நெக்ரோபான்ட்டே உலகின்முன் வைத்தார். அந்த விலையை எட்ட இயலவில்லை. எனினும் மலிவான சிறு கணினி வேண்டும் என்னும் வேட்கை பரவிற்று. 2007ஆம் ஆண்டு தைவான் நாட்டு அசுஸ் நிறுவனம் ‘ஈ பி.சி.’ என்னும் கணினியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை. ஒரு கிலோவிற்கும் குறைந்த எடை. அமெரிக்காவில் ஏறத்தாழ 400 டாலர் விலை.

அடுத்த ஆண்டு என் மருமகன், வெளியூர்க் கல்லூரி மாணவன், அத்தகைய கணினி ஒன்றை வாங்கி வந்தான். “இது விளையாட்டுப் பொருளடா! பணத்தைப் பாழாக்கினாயே” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்தவாறே, “மாமா, பெரிதாக வாங்கினால் அடுத்த பருவக் கட்டணத்திற்கு எங்கே போவது? எனக்கு எழுதவும் படிக்கவும் ஒன்று இருந்தால் போதும்” என்றான். பெரிய மேசையும் பெரிய கணினியும் உடையவனாகிய நான், அவன் தேவையைக் கேளாமலே தீர்ப்பளித்துவிட்டேன். தன் ஆய்வேட்டின் பெரும்பகுதியை அவன் ரயிற்பயணங்களில் அச்சிறு கணினியிலேயே எழுதி முடித்தான்.

ஆயினும் ஈராண்டு சென்றபின் அவனே குறையும் கூறினான். எழுத்து விசைகள் நெருக்கமானவை, வலைப்பக்கங்கள் அத்திரையில் முழுதும் அடங்கா, கண் நோகும். முன்பு புகழ்ந்ததும் மெய். பின்பு குறை கூறியதும் மெய். இத்தகைய குறைகளை நீக்க முனைந்த நிறுவனங்கள் திரையைப் பத்து அங்குலமாக வளர்த்தன. விலையும் பெரிய கணினியின் விலையை நெருங்கியது. 2010ஆம் ஆண்டு ‘ஐபேட்’ வந்தது. 2013ஆம் ஆண்டு பிறந்தபோது அசுஸ் நிறுவனம் ஈ பி.சி. செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. எளிமையால் வாழ்ந்த கருவி, எளிமையை இழந்தபோது தன் இடத்தையும் இழந்தது.

மாணவ நண்பர்களே! நாளை ஒரு புதிய கருவியைப் பற்றிப் பலர் பலவாறு கூறக் கேட்பீர்கள். சொல்பவர் அதனை எத்தனை நாள் புழங்கினார், எந்தத் தேவைக்குப் புழங்கினார், யார் பணத்தில் வாங்கினார் என்று கேளுங்கள். இம்மூன்றும் தெரியாமல் உரைக்கும் கருத்து, அன்று நான் என் மருமகனுக்கு உரைத்த கருத்தைப் போன்றதே. அச்சொல்லை இன்றும் நான் நாணத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.